குறட்டை, மிதமானது

1

இந்தக் கதை என் வாயிலிருந்துதான் பிறந்தது. ஆனால் அது பிறந்தபோது நான் அங்கே இல்லை. கட்டிலில் என் உடம்பு இருந்தது. தலையணை ஓரத்தில் கைபேசி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வந்தது ஒரே ஓர் ஒலி. உயிரெழுத்துகூட இல்லை, தலையில் புள்ளி வைத்த ஒரு மெய். அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டில் இந்த வாரம் முழுக்க விசாரணை நடக்கிறது. நாளைக்குள் நான் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். தீர்ப்புச் சொல்ல வேண்டிய நேரத்தில் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தொடக்கமே மூன்று முறை எழுதினேன். அழிக்க மனசு வரவில்லை.

“அன்று ஞாயிற்றுக்கிழமை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவன்”

(விட்டுவிட்டேன். அவன் யார்? நான்தான். என் வீட்டிலேயே நான் எதற்கு ஒளிந்து விளையாட வேண்டும்?)

“மனிதகுலம் நெருப்பைக் கண்டறிந்த நாள் முதலாகவே”

(மகள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “அப்பா, இது பேச்சுப் போட்டிக்கா?” என்றாள்.)

“நான் குறட்டை விடுவதில்லை.”

(இது பொய். ஆனாலும் எல்லாம் இந்த வாக்கியத்தில்தான் ஆரம்பித்தது. இருக்கட்டும்.)

2

நான் குறட்டை விடுவதில்லை என்று எனக்கு அசையாத நம்பிக்கை இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி மறுத்து வந்திருக்கிறாள். மகளும் வளர்ந்து, வாய் வந்ததும், அவள் கட்சியில் சேர்ந்துகொண்டாள். “ஆதாரம் இருக்கா?” என்பேன். இருக்காது. குறட்டை விடுகிறவனை எழுப்பினால் குறட்டை நின்றுவிடும். குற்றவாளி கண் விழித்ததும் குற்றம் காணாமல் போகிற இப்படி ஒரு வழக்கு வேறு கிடையாது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பதிப்பகங்களுக்குப் பிழை திருத்துகிறேன். வீட்டிலேயே, ஜன்னல் ஓரத்தில், ஒரு நாற்காலியில். பேச்சு குறைவு. ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டே இருப்பேன். காபி ஆறி, மேலே ஏடு படிந்து, அந்த ஏடு சுருங்கும்வரை. வந்தவர்கள் நான் கோபமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள். அது வசதியாகத்தான் இருந்தது.

என் மனைவி லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் மூத்த பொறியாளர். தலையில் ஹெல்மெட், இடுப்பில் கயிறு, கையில் டார்ச். ஓடுகிற லிஃப்ட்டின் கூரை மேல் உட்கார்ந்துகொண்டு கம்பிக்கயிற்றைப் பார்ப்பாள். வீட்டுக்கு யாராவது வந்தால் எங்களை இப்படித்தான் அறிமுகப்படுத்துவாள்: “நான் தூக்குறவ. அவரு தூங்குறவரு.”

(முதலில் அவளைக் கதையில் வங்கி மேலாளராக மாற்றினேன். சொந்த வீட்டை அப்படியே எழுதினால் அடி விழுமே என்ற பயம்தான். இரவல் வேலை பொருந்தவில்லை. நாற்காலியில் உட்காரவைத்தால் அவள் எழுந்து போய்க்கொண்டே இருந்தாள். வரைவைப் படித்துவிட்டு அவளே சொன்னாள்: “லிஃப்ட்ட எடுத்துட்டா உங்க கதை எப்படிங்க மேல போகும்?”)

3

மகள்தான் அந்தச் செயலியை என் கைபேசியில் இறக்கினாள். கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறாள். எதையும் அளந்து பார்க்காமல் விடமாட்டாள்.

“பக்கத்துல வெச்சிட்டுப் படுத்தா போதும்ப்பா. நீ எப்ப தூங்குன, எவ்ளோ ஆழம், என்ன சத்தம் போட்ட, எல்லாத்தையும் அதுவே எழுதி வெச்சிடும்.”

“அது எப்படிம்மா எழுதும்? அதுக்கு என்ன கண்ணா காதா?”

“காது இருக்குப்பா. இத்தன வருஷமா நீ அதுல தானே பேசிட்டிருக்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்ததும் தலை சுற்றியது. தயவுசெய்து என்னோடு சேர்ந்து கொஞ்சம் வியந்து பாருங்கள். சோப்புக்கட்டி அகலத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு. அது மெத்தை மேல் படுத்துக்கொள்கிறது. நான் புரண்டால் மெத்தை அசைகிறது, மெத்தை அசைந்தால் அது அசைகிறது, அசைந்ததை வைத்து ‘இவர் இப்போது கனவு காண்கிறார்’ என்கிறது! பிறந்ததிலிருந்து என் வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு எனக்கே தெரியாமல் நடந்துகொண்டிருக்கிறது. அந்த அறைக்குள் நான் ஒரு தடவைகூடப் போனதில்லை; போக முடியாது, போனால் விழித்துவிடுவேன். இதோ ஒருவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அங்கே நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று என்னிடமே சொல்கிறான். அதுவும் படம் போட்டு!

ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் சோதனை. சாயங்காலம் விழித்ததும் மூன்று பேரும் கட்டிலிலேயே உட்கார்ந்து பார்த்தோம். நீல நிறத்தில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு. என் தூக்கத்துக்கு ஒரு மலைத்தொடர்! நான் அதன் மேல் விரலை ஓட்டினேன். ஒரு பள்ளத்தாக்கில் நின்றேன். இங்கேயா இருந்தேன்? எவ்வளவு அழகான இடம்!

“அது மலை இல்லீங்க, நீங்க விட்ட குறட்டை” என்றாள் மனைவி.

கீழே ஒலிகளின் வரிசை இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கைபேசி பெயர் வைத்திருந்தது. குறட்டை, பலமானது. குறட்டை, மிதமானது. ஜன்னலில் கத்திய காகம்: பேச்சு. அடுப்படியில் குக்கர் விசில்: இருமல். தலைக்கு மேலே மின்விசிறி: மழை. குழந்தை ஒன்று முதன்முறையாக உலகத்தைக் கேட்டுவிட்டுப் பெயர் சொன்னால் இப்படித்தான் சொல்லும். நான் தோற்றதே எனக்கு மறந்துபோய்விட்டது. கை தட்டிச் சிரித்தேன். மகள் அம்மாவைப் பார்த்து, “அப்பாவா இது?” என்றாள்.

எல்லா ஒலிகளையும் அன்று நாங்கள் கேட்கவில்லை. பலமான குறட்டைகளை மட்டும் கேட்டு, சிரித்து, மூடி வைத்துவிட்டோம். மிதமானவை அப்படியே கிடந்தன.

4

திங்கட்கிழமை சாயங்காலம் மனைவி ஐஸ்கிரீம் டப்பாவோடு வந்தாள். ஷூவைக் கழற்றவில்லை. நேராக வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று டப்பாவைத் திறந்து, முதல் கரண்டியை என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

“சொல்லிட்டேன்!”

“என்ன சொல்லிட்ட?”

“சரின்னு.”

“எதுக்கு?”

கரண்டி அந்தரத்தில் நின்றது. இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்ட் மாதிரி. (உவமை அவளுடையது. பிறகு கொடுத்தாள்.)

“எதுக்கா? நேத்து கேட்டேனே. படுத்திருந்தப்ப. புது ஆஸ்பத்திரி, லிஃப்ட் எல்லாத்துக்கும் என்னையப் பொறுப்பாப் போடறாங்க, ஊர் மாறணும், போலாமான்னு. ம்-னீங்களே.”

“நானா?”

“இல்ல, பக்கத்து வீட்டுக்காரரு.”

ஐஸ்கிரீம் கரண்டியிலிருந்து என் புரூஃப் தாளில் சொட்டியது. யாரும் துடைக்கவில்லை.

“நான் அப்படி... எனக்கு ஞாபகமே இல்லையே” என்றேன்.

“ஒரு நிமிஷம். சாட்சி இருக்கு” என்று மகள் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

இருந்தது. எல்லாமே இருந்தது. மின்விசிறி மழை. காகப் பேச்சு. பிறகு மனைவியின் குரல், மேலதிகாரியிடம் பேசுவது போல ஒத்திகை பார்த்த குரல்: “அங்க ஒரு எடம் காலியாகுது. பன்னெண்டு மாடி. படுக்கையோட நோயாளிய ஏத்துற லிஃப்ட், தெரியுமா, குலுங்காம போகணும். ரொம்ப நாளா கேட்டுட்டே இருந்தேன். இப்ப தர்றாங்க. ஆனா ஊர் மாறணும்.” இடைவெளி. “என்னங்க. போலாமா?”

நீண்ட அமைதி. அந்த அமைதியை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். என்னுடையதுதான்.

பிறகு: ம்.

மகள் திரையைத் திருப்பிக் காட்டினாள். அந்த ஒலிக்கு நேரே எழுதியிருந்தது: குறட்டை, மிதமானது. நிலை: ஆழ்ந்த உறக்கம்.

மனைவி அதை மறுபடி ஓடவிட்டாள். காதோரம் வைத்து, கண்ணை மூடி, இன்னொரு தரம்.

“என்னம்மா, குறட்டையா சம்மதமா?” என்றாள் மகள்.

“சத்தத்த மட்டும் கேட்டுச் சொல்ல முடியாதுடி. லிஃப்ட் மாதிரிதான், பெட்டியத் தொறந்து பாக்கணும்.” என்னைப் பார்த்தாள். பெட்டி மூடியே இருந்தது.

அவள் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள். “தூக்கத்துல வாங்குன சம்மதம் எனக்கு வேண்டாங்க. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடணும். அதுக்குள்ள முழிச்சுக்கிட்டுச் சொல்லுங்க. சரின்னாலும் சரி, வேண்டாம்னாலும் சரி. ஆனா வாயத் தொறந்து சொல்லுங்க. இல்லன்னா அன்னைக்கே போய் வாபஸ் வாங்கிட்டு வர்றேன்.”

“யோசிக்கிறேன்” என்றேன்.

“ம்க்கும்” என்றாள்.

5

இங்கே ஓர் அடிக்குறிப்பு. அடிக்குறிப்பு அடியில்தான் வர வேண்டும். இது இடம் தெரியாமல் நடுவில் ஏறிவிட்டது.

* கைபேசியின் கவனத்துக்கு. ம் என்பது ஒன்று அல்ல. குட்டையாகச் சொல்லிக் கீழே இறக்கினால், சரி. மேலே ஏற்றினால், என்ன? இழுத்தால், அப்புறம் சொல்லு. இரட்டித்தால், நன்றாக இருக்கிறது, அல்லது இல்லை. முகத்தைப் பார்க்க வேண்டும். ம்ஹூம் என்றால் கிடையாது. ம்க்கும் என்றால் தாடையைத் தோளில் இடித்துக்கொள்ள வேண்டும். உனக்குத் தோள் இல்லை, விட்டுவிடு.

வாயைத் திறக்காமலே இத்தனை சொல்லலாம். வாயைத் திறக்கப் பிடிக்காத என்னைப் போன்றவர்களுக்காகவே யாரோ யோசித்துச் செய்த எழுத்து. அதுமட்டும் இல்லை. ஒருவர் கதை சொன்னால் கேட்கிறவர் ம் கொட்ட வேண்டும். ம் நின்றால் சொல்கிறவர் நிறுத்திவிட்டு, “தூங்கிட்டியா?” என்பார். அதாவது, நாங்கள் விழித்திருக்கிறோம் என்பதற்கு எங்களிடம் இருக்கிற ஒரே அத்தாட்சி அது. அதைக் கொண்டுபோய்த் தூக்கத்தின் கணக்கில் எழுதிவிட்டாயே, என் கண்ணாடிச் செல்லமே!

எனக்குக் கோபமே வரவில்லை. உன்னை எடுத்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. எவ்வளவு தெரிந்திருக்கிறது உனக்கு! எவ்வளவு அழகாகத் தவறு செய்கிறாய்!

6

(இந்தப் பகுதி காலியாக இருப்பதற்குக் காரணம், நான் ஜன்னலைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தேன். கைபேசி மடியில் இருந்தது. நான் லேசான உறக்கத்தில் இருந்ததாக அது சொல்கிறது. மனைவியிடம் காட்டினேன். “இத நான் எப்பவோ சொன்னேன். நான் சொன்னா கேக்க மாட்டீங்க, அது சொன்னா வாயப் பொளப்பீங்க” என்றாள்.)

7

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

ஒன்று, நான் விழித்திருந்ததாகச் சொல்லிவிடுவது. இது மகளின் யோசனை. “ஆமா, முழிச்சிட்டுதான் ம்-னேன், மறந்துட்டேன்னு சொல்லுப்பா. மேட்டர் முடிஞ்சுது.” எழுதிப் பார்த்தேன். மனைவி சிரித்தபடி கையெழுத்துப் போட்டாள். ஆனால் அந்தப் பக்கத்தில் அவள் என் முகத்தை இரண்டாம் முறை பார்த்தாள். கம்பிக்கயிற்றைப் பார்க்கிற பார்வை. எந்த இழை விட்டிருக்கிறது என்று தேடுகிற பார்வை. தாளைக் கசக்கிவிட்டேன்.

இன்னொன்று, தூங்கிவிட்டேன் என்பது. செயலியே சொல்கிறது, நான் என்ன செய்ய. அவள் வாபஸ் வாங்குகிறாள். நான் என் ஜன்னலுக்குத் திரும்புகிறேன். ஏடு படிந்த காபி. அமைதி. இந்த முடிவில் மொழி மிக நன்றாக அமைந்தது, பிழையே இல்லை. அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது.

உண்மை என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மை எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை என்று முதல் வரியிலேயே சொன்னேனே. ஆனால் நான் எதற்கு இழுத்தடிக்கிறேன் என்பது தெரியும். புரூஃப் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் வரும். இந்த ஜன்னல் வராது. என் மௌனத்தில் பாதியை அந்தச் சட்டகத்துக்குள்தான் வைத்திருக்கிறேன். வேறு ஊரில், வேறு ஜன்னலில், நான் சும்மா பேசாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள், அவ்வளவுதான். அந்த ஆளை எனக்குப் பழக்கமில்லை. அவனோடு எப்படிக் குடித்தனம்

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.)

8

இன்று காலை வீட்டில் யாரும் இல்லை. அந்த ம்-ஐ இன்னொரு முறை கேட்டேன். தலைகீழாக நின்று கேட்டாலும் அது குறட்டையாகவும் இருந்தது, சம்மதமாகவும் இருந்தது. வழக்கமாக அந்த இடத்தில் நிறுத்திவிடுவோம். இன்று என் விரல் நழுவியதோ, நானே சோம்பினேனோ, ஒலி மேலே ஓடியது.

ம்-க்குப் பிறகு கொஞ்ச நேரம் மழை, அதாவது மின்விசிறி. அப்புறம் ஏதோ ஒரு சத்தம். தொம் தொம் என்று மெத்தையில். கூடவே வாயைப் பொத்திக்கொண்ட மாதிரி ஒரு... ஒரு... பிழை திருத்துகிறவனுக்குச் சொல் கிடைக்காமல் போவது கேவலம்தான். திரையைப் பார்த்தேன். கைபேசிக்கும் கிடைக்கவில்லை. அடையாளம் காண முடியாத ஒலி, என்று எழுதியிருந்தது. காகத்தைப் பேச்சு என்றும் குக்கரை இருமல் என்றும் கூசாமல் சொன்ன கைபேசி, இந்த ஒன்றுக்கு மட்டும் கையை விரித்துவிட்டது.

மறுபடி கேட்டேன். அப்போது புரிந்தது.

என் மனைவி சிரித்திருக்கிறாள். தலையணையைக் கடித்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல், மெத்தையில் காலை உதைத்துக்கொண்டு! ஹெல்மெட் போட்டுக்கொண்டு இருட்டுக் குழிக்குள் இறங்குகிறவள். அவள் அதட்டினால் மெக்கானிக்குகள் ஸ்பானரைக் கீழே போட்டுவிடுவார்கள் என்று கேள்வி. அவள், ஞாயிறு மத்தியானம், என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, நான் எழுந்துவிடக் கூடாதே என்று அடக்கி அடக்கி, சின்னப் பிள்ளை மாதிரி துள்ளியிருக்கிறாள். (எழுந்துவிடக் கூடாதே என்றா? அப்படியென்றால் நான் தூங்குகிறேன் என்று அவளுக்கும்... இந்த அடைப்புக்குறியைச் சீக்கிரம் மூடிவிடுகிறேன்.)

இத்தனை வருஷத்தில் நான் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. ஒரு வேளை அடிக்கடி நடந்திருக்கலாம். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். என் குறட்டையைப் பிடிக்கக் கூண்டு வைத்தோம். அதில் இது வந்து மாட்டியிருக்கிறது. நாற்காலியை விட்டு எழுந்து, ஆள் இல்லாத வீட்டில், கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு நான்கூட இரண்டு முறை குதித்தேன். (கீழ்வீட்டுக்காரர் தட்டினார்.)

9

இந்தப் பகுதியை நடந்து முடிந்த பிறகு எழுதுகிறேன்.

மத்தியானமே மனைவி வந்துவிட்டாள். ஏதோ கட்டடத்தில் விடியற்காலையிலிருந்து வேலை. சோபாவில் நீட்டிப் படுத்து முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டாள்.

“யோசிச்சாச்சா?”

“எழுதியிருக்கேன். படிக்கிறேன், கேளு.”

“கேட்டா பதில் வராது, கதை வரும். என் தலையெழுத்து. படிங்க.”

மகள் கைபேசியை மேசை மேல் வைத்து ஏதோ தட்டினாள். “ஆன் பண்ணிட்டேன். நாளைக்கு யாராச்சும் நான் சொல்லலன்னு சொன்னா ஆதாரம் வேணும்ல?”

படித்தேன். முதல் பகுதி முழுக்க ம் கொட்டினாள். ‘அவரு தூங்குறவரு’ வந்தபோது மூக்கால் சிரித்தாள். “காகத்த விட்டுட்டீங்கன்னு நெனச்சேன், போட்டுட்டீங்க” என்றாள். கரண்டி அந்தரத்தில் நின்ற இடத்தில், “அது என் உவமைன்னு போடுங்க” என்றாள். போட்டிருக்கிறேன் என்றேன். முடிவுகளைப் படித்தபோது ம் மெலிந்தது, ஆனால் வந்தது. எட்டாம் பகுதிக்குள் நுழைந்தேன். மெத்தை, தலையணை, தொம் தொம். தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கடைசிவரை படித்தேன்.

ம் வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். முழங்கை அப்படியே கண்ணை மூடியிருந்தது. மார்பு ஏறி இறங்கியது. “அம்மா தூங்கிட்டாங்களா?” என்று மகள் உதட்டசைவில் கேட்டாள். தெரியவில்லை. விடியற்காலையிலிருந்து வேலை செய்தவள்.

தாளைக் கீழே வைத்தேன். எழுதி வைக்காத ஒன்றைச் சொல்ல எனக்கு எப்போதும் நேரமாகும். இன்று அவ்வளவு ஆகவில்லை.

“இங்க பாரு. நாம போலாம். உனக்காக மட்டும் இல்ல, எனக்கும் வரணும்னு இருக்கு. அந்த லிஃப்ட்டுல ஒரு தடவ ஏறிப் பாக்கணும், குலுங்குதா இல்லையான்னு. ஜன்னல் எந்த ஊர்லயும் இருக்கும். நான் முழிச்சிட்டுதான் சொல்றேன். நாம போலாம்.”

எழுவாய், பயனிலை எல்லாம் வைத்து ஏழு வாக்கியம். மகள் வாயைப் பிளந்தாள்.

சோபாவில் அமைதி. இந்த வீட்டில் முதன்முறையாக, அடுத்தவருடைய அமைதிக்கு வெளியே நான் நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு நீளமாக இருக்கிறது அது! இதற்கு வெளியிலா இவர்களை இவ்வளவு காலம் நிற்கவைத்தேன்?

பிறகு, முழங்கைக்கு அடியிலிருந்து:

“ம்.”

மகளின் கை கைபேசிக்குப் போனது. நான் முந்திக்கொண்டு அதைக் குப்புறக் கவிழ்த்தேன்.

“அப்பா! என்னன்னு பாத்துடலாம்ப்பா!”

“ம்ஹூம்.”

கண்ணாடி மேசையைப் பார்த்தபடி கிடக்கிறது. அது முடிவு செய்திருக்கும். கேட்கமாட்டேன். நீங்கள் கேட்டீர்கள் அல்லவா அந்த ம்-ஐ? குட்டையா, இழுத்ததா? கேட்டுக்கொண்டேதான் படுத்திருந்தாளா, தூங்கிவிட்டாளா? போர்வையை எடுத்து அவள் காலை மூடப் போனேன். கால் கட்டைவிரல் ஆடிய மாதிரி இருந்தது. மின்விசிறிக் காற்றாகவும் இருக்கலாம்.

அவள் கேட்டுவிட்டாள் என்று உங்களுக்குத் தோன்றினால், இருக்கிற இடத்திலிருந்தே ஒரு ம் கொட்டுங்கள். கொஞ்சம் சத்தமாகவே. பக்கத்தில் கைபேசி இருந்தால் இருக்கட்டும். குறட்டை என்று எழுதிக்கொள்ளட்டும்.